ஆறாம் எண் நீர்மூழ்கி, ஹிரோஷிமா விரிகுடா, 1910: ஒரு நிகழ்வு ஆய்வு

1910 ஏப்ரல் 15-ஆம் தேதி காலை, ஜப்பானின் ஹிரோஷிமா விரிகுடாவில் பயிற்சிக்குப் போன ஒரு சிறிய நீர்மூழ்கி மறுபடி மேலே வரவில்லை. உள்ளே இருந்த 14 பேரும் இறந்தார்கள். தலைமை அதிகாரி மூச்சு அடைக்கும் வரை ஒரு குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தார். மொத்தம் 39 பக்கம்.

அந்தப் பக்கங்களை உலகம் வீரத்தின் சாட்சியாகப் படித்தது. ஜப்பானியப் பள்ளிகளின் நீதிப் பாடநூலிலும் அந்தக் கதை ஏறியது. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் மனதை உருக்கும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில், யாரும் அதிகம் நின்று படிக்காத சில பக்கங்கள் இருக்கின்றன. எந்த உறுப்பு பழுதானது, எத்தனை டிகிரி சாய்வு, எந்த அளவி என்ன காட்டியது, எத்தனை மணிக்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. ஒரு விபத்து அறிக்கைக்கு வேண்டியது பெரும்பாலும் அதில் உண்டு. இந்த ஆய்வு அந்த நடுப்பக்கங்களைப் பற்றியது. ஆட்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பொறுப்பைச் சொன்னால் போதும்.

## பின்னணி

ருஷ்யாவோடு போர் நடந்துகொண்டிருந்த 1904-இல் ஜப்பான் தன் முதல் ஐந்து நீர்மூழ்கிகளை அமெரிக்காவில் வாங்கியது. ஐந்தும் ஜான் ஹாலண்ட் என்ற அயர்லாந்துக்காரரின் வடிவமைப்பு வழியில் வந்தவை. அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, யோகோசுகா தளத்தில் மறுபடி பூட்டினார்கள். அவை சண்டைக்குத் தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது.

அடுத்த இரண்டை வெளியே வாங்கவில்லை. ஹாலண்ட் தந்த திருத்திய வரைபடங்களை வைத்துக்கொண்டு கோபேயில் இருந்த கவாசாகி கப்பல்கட்டும் தளத்திலேயே கட்டினார்கள். அவற்றில் முதலாவது 1905 செப்டம்பரில் நீரில் இறங்கியது, 1906-இல் கடற்படையில் சேர்ந்தது. அதுதான் ஆறாம் எண் படகு. ஜப்பானில் கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கி என்ற பெயர் அதற்கு உண்டு. அந்தக் கடற்படையிலேயே மிகச் சிறியதும் அதுதான்.

எவ்வளவு சிறியது என்றால், நீளம் சுமார் 22.5 மீட்டர், அகலம் 2 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். அந்த இடத்துக்குள் பெட்ரோல் இன்ஜின், மின்மோட்டார், பேட்டரி, அழுத்தக் காற்று உருளைகள், ஒரு டார்பிடோ குழாய், அப்புறம் 14 ஆட்கள். நிமிர்ந்து நடக்க வழியில்லை. எடை மேலே மிதக்கும்போது 57 டன், முழுதும் மூழ்கும்போது 63 டன். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இன்ஜினின் திறனை மோட்டார் ஏணி வைத்தாலும் எட்டாது. பெட்ரோல் இன்ஜின் 300 குதிரைத்திறன், மின்மோட்டார் வெறும் 22. நீர்மேல் மணிக்கு எட்டரைக் கடல்மைல் ஓடிய படகு, நீருக்கடியில் போனதும் நான்குக்கு இறங்கிவிடும். அதுவும் பேட்டரி தாங்கும் வரைதான். நான்கு கடல்மைல் வேகத்தில் எந்தப் போர்க்கப்பலையும் துரத்திப் பிடிக்க முடியாது. ஒளிந்து உட்கார்ந்திருந்து, எதிரி தானாகப் பக்கத்தில் வந்தால் அடிக்கலாம், அவ்வளவே.

இந்தக் குறையிலிருந்துதான் அன்றைய பயிற்சி பிறந்தது.

## பெட்ரோலில் ஓடிக்கொண்டே மூழ்குவது

பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்று வேண்டும். நீருக்கடியில் காற்று இல்லை, ஆகவே மின்மோட்டார். இது விதி. ஆனால் படகின் உடலை மட்டும் நீருக்குள் அமிழ்த்தி, ஒரு காற்றுக்குழாயின் வாயை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி வைத்தால்? இன்ஜின் அந்தக் குழாய் வழியாக மூச்சு விடும். எதிரியின் கண்ணுக்குத் தெரிவது ஒரு சிறு குழாய்தான், வேகமோ பெட்ரோல் இன்ஜினின் வேகம். பேட்டரியும் மிச்சம். தாமரைத் தண்டை வாயில் வைத்துக்கொண்டு குளத்துக்குள் ஒளிந்திருப்பவனின் கதை நம்மிடம் உண்டே, அதே யோசனை.

யோசனை நல்லதுதான். 1930-களில் நெதர்லாந்துக் கடற்படையினர் இதையே ஒழுங்காகச் செய்து காட்டினார்கள், இரண்டாம் உலகப்போரின் பிற்பகுதியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பெரிய அளவில் பயன்படுத்தின. 1910-இல் அதை முயன்றவர்கள் முட்டாள்கள் அல்ல, காலத்துக்கு முன்னால் போனவர்கள். அவர்களிடம் இல்லாதது யோசனை அல்ல, ஒரு மூடி.

குழாயின் வாய் எந்தக் காரணத்துக்காகவாவது நீருக்குள் போய்விட்டால், காற்று வந்த வழியில் கடல் வரும். பிற்காலக் குழாய்களின் தலையில், அலை ஏறியதும் தானாக அடைத்துக்கொள்ளும் மிதவை வால்வு இருந்தது. ஆறாம் எண் படகில் அப்படி இல்லை. உள்ளே இருந்து ஆள் பார்த்து, ஆள் சொல்லி, இன்னொரு ஆள் சங்கிலியை இயக்கி ஒரு அடைப்பு வால்வை மூட வேண்டும்.

படகின் மிதப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 63-இலிருந்து 57 போனால் 6 டன். அதாவது நம் தெருவுக்கு வரும் 6,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று. முழுதாக மிதக்கும் நிலைக்கும் முழுதாக மூழ்கிய நிலைக்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவுதான். பாதி மூழ்கிய நிலையில் ஓடும்போது அதிலும் பெரும்பகுதியை ஏற்கெனவே தொட்டிகளில் நிரப்பியிருப்பார்கள். இனி, ஒரு சாண் விட்டமுள்ள குழாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் (அந்தப் படகின் குழாய் அளவு அல்ல, என் கணக்குக்காக). அதன் வாய் நீருக்கு ஒரு மீட்டர் கீழே போனால், நொடிக்கு நூறு லிட்டருக்குமேல் உள்ளே கொட்டும். ஒரு லாரித் தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். படகு இறங்க இறங்க அந்த வேகமும் கூடும்.

ஆக, அந்த வால்வை மூடக் கிடைத்த நேரம் நொடிக்கணக்கு.

## ஏப்ரல் 15, காலை

படகு குரே கடற்படைத் தளத்திலிருந்து சில நாள் முன்பே கிளம்பி, இவாகுனிக்கு அருகே உள்ள கடலில் தினமும் பயிற்சி செய்துகொண்டிருந்தது. பாதுகாப்புக்கு ஒரு துணைக் கப்பல் கூடவே இருந்தது. தலைமை அதிகாரிக்கு வயது 30, லெப்டினன்ட் பதவி. நீர்மூழ்கிகளில் ஏற்கெனவே பழகியவர். புதியவரின் கைப்பிழை என்று இந்த விபத்தைத் தள்ளிவிட முடியாது.

காலை ஒன்பதரை மணி வாக்கில் துணைக் கப்பலை விட்டு விலகி, பத்து மணிக்குப் பயிற்சியைத் தொடங்கினார்கள். சற்று நேரத்தில் பெட்ரோலில் ஓடும் மூழ்கல் ஆரம்பமானது.

அப்புறம் நடந்ததை அதிகாரியே சுருக்கமாக எழுதியிருக்கிறார். பெட்ரோலில் ஓடும்போது படகு அளவுக்கு மீறி ஆழமாக இறங்கிவிட்டது. வால்வை மூட முயன்றார்கள். பாதியில் சங்கிலி அறுந்துவிட்டது. கையால் மூடினார்கள். மூடியும் விட்டார்கள். ஆனால் தாமதமாகிவிட்டது, பின்பகுதி முழுக்க நீர் நிறைந்து, படகு சுமார் 25 டிகிரி சாய்ந்து கீழே போனது.

ஏன் அளவுக்கு மீறி இறங்கியது என்பதை அவர் எழுதவில்லை. அலையா, சுக்கான் திருப்பலா, தொட்டியில் ஒரு வாளி நீர் கூடிப்போனதா, எதுவாகவும் இருக்கலாம். இந்த ஆய்வைப் பொறுத்தவரை அது இரண்டாம் கேள்வி. 22 மீட்டர் நீளப் படகு கடலில் ஓடினால் அவ்வப்போது ஒரு முழம் கூடுதலாக இறங்கத்தான் செய்யும். அப்படி இறங்குவதைத் தாங்கும்படி குழாய் இருந்திருக்க வேண்டும்.

நீர் பின்பக்கமாக வந்ததும் முக்கியம். படகு நேராக அமிழ்ந்திருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கும். பின்பக்கம் கனத்ததும் படகு சாய்கிறது, சாய்ந்ததும் உள்ளே இருக்கும் நீர் எல்லாம் பின்னால் ஓடுகிறது, சாய்வு இன்னும் கூடுகிறது. 25 டிகிரி சாய்ந்த தளத்தில், கொட்டும் நீருக்கு நடுவே நின்று ஒருவர் கையால் வால்வைத் திருகி மூடியிருக்கிறார். அந்த வேலை வென்றது என்பதை மறந்துவிடக் கூடாது. வால்வு அடைபட்டதால்தான் உள்ளே காற்று மிஞ்சியது, குறிப்பேடு எழுத நேரமும் கிடைத்தது.

## கடலடியில் இரண்டரை மணி நேரம்

படகு தரையில் உட்கார்ந்தபோது மூக்கு மேல்நோக்கி 13 டிகிரி சாய்வு. படகின் மேலே எழும்பி நின்ற கண்காணிப்புக் கோபுரத்திலிருந்த ஆழ அளவி 52 அடி காட்டியது. அந்த இடத்தின் ஆழம் சுமார் பத்துப் பாகம் (ஒரு பாகம் ஆறு அடி), ஆகவே அளவி சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று அதிகாரி குறித்திருக்கிறார். கடலடியில் உட்கார்ந்துகொண்டு கருவியின் அளவை வேறொரு தகவலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்! இந்த ஒரு வரி எனக்கு அந்தக் குறிப்பேட்டின் மற்ற எந்த வரியையும் விட அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

மின்பலகை நீரில் மூழ்கிவிட்டது. விளக்குகள் அணைந்தன. கம்பிகள் எரிந்து கெட்ட வாயு கிளம்பியது, மூச்சு விடுவது கடினமானது. மின்சாரம் அடியோடு போய்விட்டது, ஆக மோட்டாரும் இல்லை, மின்பம்பும் இல்லை.

செய்தவை இவை. முதலில், பிரதான மிதப்புத் தொட்டியின் நீரை வெளியேற்றினார்கள். இருட்டில் அளவி தெரியவில்லை, ஆனால் தொட்டி முழுக்கக் காலியாகிவிட்டது என்றே நம்புவதாக எழுதியிருக்கிறார். அதாவது வழக்கமாகப் படகை மேலே கொண்டுவரும் வேலை முடிந்துவிட்டது, படகு மட்டும் எழவில்லை. மேலே சொன்ன லாரிக் கணக்கு இங்கே வருகிறது. தொட்டியைக் காலி செய்து திரும்பப் பெறக்கூடிய மிதப்பு ஏறத்தாழ 6 டன்தான். பின்பகுதியில் நிறைந்த நீர் அதைத் தின்றுவிட்டிருந்தது. அடுத்து, கைப்பம்பு. வேறு நம்பிக்கை எதுவும் இல்லை, கைப்பம்பு ஒன்றுதான் என்று வெளிப்படையாக எழுதினார்.

16 மீட்டர் ஆழத்தில் வெளியிலிருந்து நீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கும். அதை எதிர்த்துத்தான் ஒவ்வொரு தள்ளும் தள்ள வேண்டும். மூச்சுத் திணறும் ஆட்கள், நனைந்த உடைகள், குளிர். பன்னிரண்டு மணி வரை பம்பு அடித்தும் படகு அசையவில்லை.

இடையில் இன்னொரு வரி: பேட்டரியின் அமிலம் கொஞ்சம் சிந்தியிருக்கிறது, ஆனால் கடல்நீர் உள்ளே போகவில்லை, ஆகவே குளோரின் வாயு உண்டாகவில்லை. அந்தக் காலத்து நீர்மூழ்கிக்காரர்களுக்கு மிகப் பெரிய பயம் அதுதான். பேட்டரி அமிலத்தோடு உப்புநீர் கலந்தால் குளோரின் கிளம்பி ஆளைக் கொன்றுவிடும். அது நடக்கவில்லை என்பதையும் அவர் பதிவு செய்கிறார். எது நடந்தது என்பதோடு எது நடக்கவில்லை என்பதையும் எழுதுவது நல்ல அறிக்கையின் அடையாளம். பல அறிக்கைகளில் அந்த இரண்டாம் பாதி காணாமல் போகும்.

இதையெல்லாம் கோபுரத்தின் கண்ணாடி வழியே கசிந்த வெளிச்சத்தில் எழுதினார், நேரம் 11.45 என்று குறித்திருக்கிறார். பின்னர் எழுதியதில் கை தளர்வது தெரிகிறது. காற்றழுத்தம் கூடிக் காதுச் சவ்வு கிழிவது போல் இருக்கிறது. 12.30, மூச்சு மிகவும் கஷ்டம். பெட்ரோல் ஆவியைச் சுவாசித்துவிட்டதாகவும் அதில் போதை ஏறிவிட்டதாகவும் சொல்கிறார். 12.40. அதோடு நின்றுவிடுகிறது.

கடைசிப் பகுதியில் தன் ஆட்களின் குடும்பங்கள் வறுமையில் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி பேரரசரிடம் வேண்டினார். தனக்குள்ள ஒரே கவலை அதுதான் என்றார்.

## மேலே என்ன நடந்தது

துணைக் கப்பலில் காவலுக்கு நின்றவர்களுக்குப் படகு மறைந்தது தெரிந்தது. ஆனால் உடனே யாரும் பதறவில்லை. இந்த அதிகாரி நீண்ட நேரம் மூழ்கிப் பயிற்சி செய்வது வழக்கம், அதனால் மேலே வராமல் இருப்பது அசாதாரணமாகத் தோன்றவில்லை. நேரம் போகப் போகத்தான் சந்தேகம் வந்து, குரேவுக்குத் தகவல் போனது.

அவர்களைக் குறை சொல்வது எளிது. எவ்வளவு நேரத்தில் வராவிட்டால் ஆபத்து என்று முன்கூட்டியே ஒரு எண் பேசி வைக்கப்படவில்லை என்றால், காத்திருப்பவர் பழக்கத்தைத்தான் அளவுகோலாக எடுப்பார். திறமையான ஆளுக்குக் காவல் நிற்பவர் இன்னும் கூடுதலாகக் காத்திருப்பார். துணிச்சலான பயிற்சியே எச்சரிக்கை மணியின் ஓசையைக் குறைத்துவிட்டது.

உடனே தகவல் போயிருந்தாலும் 14 பேரும் பிழைத்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்களுக்கு இருந்தது சுமார் இரண்டரை மணி நேரம். அதற்குள் கருவிகளோடு கப்பல் வந்து, இடத்தைக் கண்டுபிடித்து, நீர் நிறைந்த படகைத் தூக்கியிருக்க வேண்டும். உள்ளிருந்து தாமாக வெளியேறவும் வழியில்லை. அரை மீட்டர் அகல மூடி ஒன்றின் மேல் அந்த ஆழத்தில் மூன்று டன் நீர் உட்கார்ந்திருக்கும். நீருக்குள் சுவாசித்தபடி தப்பிக்கும் பைகள் நீர்மூழ்கிகளில் பரவலாக வந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

## படகை எடுத்தபோது

படகைத் தேடிப் பிடித்து மேலே கொண்டுவந்து மூடியைத் திறந்தார்கள். 14 பேரில் 12 பேர் அவரவர் வேலையிடத்தில் இருந்தார்கள். மற்ற இருவர் தங்கள் இடத்தில் இல்லை. அவர்கள் கிடந்தது பெட்ரோல் குழாய் உடைந்திருந்த இடத்தில். அதைச் சரிசெய்யும் முயற்சியிலேயே இறந்திருக்கிறார்கள்.

மூடியருகே யாரும் முண்டியடித்துக் கிடக்கவில்லை என்பதுதான் அன்றைய செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அந்த இருவர் கிடந்த இடத்தைக் கவனியுங்கள். பெட்ரோல் குழாய் உடைந்திருந்தது, ஆவி கசிந்துகொண்டிருந்தது, அதை அடைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு விடலாம். அதிகாரி கடைசியாக எழுதியதும் பெட்ரோல் ஆவியைப் பற்றித்தான். ஆக, நீர் படகை மூழ்கடித்தது, ஆட்களைக் கொன்றதில் புகைக்கும் ஆவிக்கும் பெரும் பங்கு உண்டு. இவை இரண்டு தனித்தனிப் பழுதுகள். சங்கிலியை மட்டும் சரிசெய்தால் ஒன்றுதான் தீரும்.

## குறிப்பேட்டின் முதல் வரி

தன் கவனக்குறைவால் பேரரசரின் படகை மூழ்கடித்து ஆட்களையும் கொன்றுவிட்டதாகவும், அதற்கு மன்னிப்பே இல்லை என்றும் எழுதித்தான் அதிகாரி தொடங்குகிறார். அடுத்து, ஆட்கள் எல்லோரும் கடைசி வரை அமைதியாகக் கடமையைச் செய்தார்கள் என்கிறார். இந்த விபத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு நீர்மூழ்கிகளின் வளர்ச்சியை நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் தன் ஏக்கம் என்றும் எழுதுகிறார்.

அந்த முதல் வரியோடு எனக்குக் கொஞ்சம் பிணக்கு உண்டு. அவர் அப்படி எழுதியதில் வியப்பில்லை. அவர் பதவி, அவர் நாடு, அவர் காலம் அப்படி. ஆனால் தலைமையில் இருப்பவர் "என் தவறு" என்று சொல்லிவிட்டால் படிப்பவர்களுக்கு அதற்குமேல் கேள்வி கேட்க மனம் வருவதில்லை. ஏன் சங்கிலி அறுந்தது? எப்போது கடைசியாக அதைச் சோதித்தார்கள்? முழு வேகத்தில் ஓடும்போது வால்வை மூட எத்தனை நொடி ஆகும் என்று யாராவது அளந்திருந்தார்களா? மின்பலகை ஏன் நீர் முதலில் தேங்கும் உயரத்தில் இருந்தது? இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அதிகாரியின் கவனக்குறைவைப் பற்றியது அல்ல. எல்லாம் படகைப் பற்றியவை.

அவரே அடுத்த பக்கத்தில் சங்கிலியைப் பற்றி எழுதித் தன் முதல் வரியை மறுத்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நீர்மூழ்கிக்காரர்கள் நுணுக்கமாகவும் அதே நேரம் துணிச்சலாகவும் வேலை செய்ய வேண்டும், பயந்து ஒடுங்கினால் முன்னேற்றம் இல்லை என்று வாதாடவும் செய்கிறார். இந்தத் தோல்வியைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம், ஆனாலும் தன் கருத்து தவறில்லை என்கிறார். குற்றவாளியின் குரல் இப்படி இருக்காது.

## மற்ற இடங்களில்

தனியொரு படகின் துரதிர்ஷ்டம் என்று இதை ஒதுக்க முடியாது. 1905-இல் துனிசியாவின் பிசெர்த் துறைமுகத்துக்கு அருகே பிரெஞ்சு நீர்மூழ்கி ஃபார்ஃபதே, மேல்மூடியைச் சரியாக அடைக்க முடியாமல் மூழ்கியது. 14 பேர் இறந்தார்கள். முக்குளிப்போர் வெளியே தட்டியதற்கு உள்ளிருந்து ஒரு நாளுக்கும் மேலாகப் பதில் தட்டல் வந்தது. அதே ஆண்டு அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனில் பிரிட்டனின் ஏ5 படகு பெட்ரோல் ஆவி வெடித்து ஆறு பேரை இழந்தது.

எல்லாவற்றையும்விட ஒப்பிடத் தகுந்தது ஜெர்மனியின் யூ-3. ஆறாம் எண் படகு மூழ்கி ஒன்பது மாதம் கழித்து, 1911 ஜனவரி 17 அன்று கீல் துறைமுகத்தில் அது மூழ்கியது. காரணம், காற்றுக்குழாயின் அடைப்பு முழுதாக மூடப்படவில்லை. ஏறத்தாழ அதே ஓட்டை! ஆனால் அது துறைமுகத்துக்குள் நடந்தது. மிதக்கும் பாரந்தூக்கி பக்கத்திலேயே இருந்தது. படகின் மூக்கை நீருக்கு மேல் தூக்கினார்கள், டார்பிடோ குழாய் வழியாக 28 பேர் ஊர்ந்து வெளியே வந்தார்கள். கோபுரத்தில் இருந்த மூவர் மட்டும் பிழைக்கவில்லை.

அந்த 28 பேருக்கும் இந்த 14 பேருக்கும் இடையே இருந்தது வீரத்தில் உள்ள வித்தியாசம் அல்ல, பாரந்தூக்கி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதுதான்.

## எதை மாற்றியிருக்கலாம்

நூறாண்டு கழித்து மேசையில் உட்கார்ந்து சொல்வது எளிது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன். இனி வருபவை 1910-இல் கையில் இருந்த பொருள்களைக் கொண்டே செய்யக்கூடியவை.

முதலாவது, வால்வு. மூடுவதற்கு ஆள் வேண்டும் என்பதைத் திருப்பிப் போட்டு, திறந்து வைத்திருக்கத்தான் ஆள் வேண்டும் என்று ஆக்கியிருக்கலாம். ஒரு எடைக்கல்லோ சுருள்வில்லோ போதும். பிடியை விட்டால் தானாக அடையும். சங்கிலி அறுந்தாலும் அடையும். பழுதானால் எந்தப் பக்கம் விழும் என்ற கேள்வியைக் குழாயை வரைந்த அன்றே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, கடிகாரம். பயிற்சிக்கு முன்பு தினமும் துறையில் கட்டியிருக்கும்போதே வால்வை மூடித் திறந்து, எத்தனை நொடி என்று எழுதி வைப்பது. அந்த எண், படகு ஒரு மீட்டர் இறங்க எடுக்கும் நேரத்தைவிடக் கூடுதல் என்றால், அன்று பெட்ரோல் மூழ்கல் கிடையாது. அறுந்துபோகக்கூடிய சங்கிலி இப்படிப் பத்து முறை இழுக்கும்போது ஒருமுறையாவது துறையிலேயே அறுந்திருக்கும்.

துணைக் கப்பலோடு நேரம் பேசி வைப்பதும் கயிற்றில் கட்டிய ஒரு மிதவையும் செலவில்லாதவை. மிதவை இருந்தால் குறைந்தது தேடும் நேரம் மிஞ்சும். ஆனால் மேலே சொன்னபடி, இவை ஆட்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். காப்பாற்றக்கூடியது அந்த வால்வு மட்டுமே.

எதை மாற்றக்கூடாது என்றும் ஒன்று உண்டு. பெட்ரோலில் மூழ்கிப் பார்த்ததே தவறு என்ற முடிவுக்குப் போகக்கூடாது. அதிகாரி பயந்தது அதற்குத்தான்.

## படகின் பிற்காலம்

ஆறாம் எண் படகை உடைத்துப் போடவில்லை. பழுது பார்த்து மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பின் வந்த ஆட்கள் அதே கோபுரத்தில் ஏறி, அதே கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு பத்தாண்டு ஓட்டியிருக்கிறார்கள். முதல் நாள் உள்ளே இறங்கியபோது அவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசிப்பதுண்டு.

1920-இல் படகுக்கு ஓய்வு கொடுத்து, குரேயில் இருந்த நீர்மூழ்கிப் பள்ளியில் நினைவுச்சின்னமாகக் கரையில் ஏற்றி வைத்தார்கள். பயிற்சிக்கு வந்த இளம் அதிகாரிகள் தினமும் அதைக் கடந்து போனார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தோற்றபின் அது பிரிக்கப்பட்டுவிட்டது. குரேயிலும் இவாகுனிப் பக்கத்திலும் இறந்தவர்களுக்காக இப்போதும் ஏப்ரல் 15-இல் அஞ்சலி நடக்கிறது. குறிப்பேட்டின் வரிகள் படிகளாகவும் அச்சாகவும் நிறைய இடங்களில் இருக்கின்றன. அறுந்த சங்கிலி பழைய இரும்போடு போய்விட்டது, அளந்து பார்க்க வழியில்லை.